வழி கேக்காத ஆளு

ஏனுங்க தம்பி, என்னையவா கேட்டீங்க? வழியா? இந்த டீக்கடையில இத்தன பேரு உக்காந்திருக்கறாங்க, மாஸ்டர் இருக்கறாரு, பேப்பர் படிக்கறவரு இருக்கறாரு. எல்லாரையும் உட்டுப்போட்டு நேரா எங்கிட்ட வந்து கேக்கறீங்க. வண்டி மேல இந்தப் பொட்டி இருக்கறதப் பாத்துட்டுத்தான் கேக்கறீங்களாட்ட இருக்குது.

நான் இந்த ஊருக்காரன் இல்லீங்க. இந்த ஊருல பொண்ணு கட்டுனவன். பேரு சென்னியப்பன். பவானிப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வெச்சிருக்கறனுங்க. கெணத்து மோட்டார்ல காயில் பொகைஞ்சு போச்சுன்னா நம்ம பட்டறைக்குத்தான் கொண்டாருவாங்க. உக்காருங்க, பஸ்ஸுல நின்னுட்டே வந்திருப்பீங்க. மாஸ்டர், தம்பிக்கு ஒரு டீ போடுங்க. எனக்கும் இன்னொண்ணு. ஏன் சிரிக்கறீங்க மாஸ்டர்? டீ குடிக்க வந்தவன் டீ குடிக்கறான், இதுல என்ன சிரிப்பு?

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிப்போடறனுங்க தம்பி. நான் ஆருட்டயும் வழி கேக்கற ஆளு இல்ல. கேக்க மாட்டேன். திமிருன்னு சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும். ஒருக்காக் கேட்டேன், பட்டேன். அதோட போதும்னு உட்டுட்டேன்.

எங்க கண்ணால நிச்சயத்துக்கு இந்தக் கரட்டுப்பாளையத்துக்கு வர்றமுங்க. உப்புச்சக்கரை மாத்தறதும்பாங்க நம்ம பக்கம். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வேன்ல, நான் முன்னாடி புல்லட்டுல. மாப்பிள்ளை வரக் கூடாதுன்னாங்க, நான் ஆரு சொல்லிக் கேட்டிருக்கறேன்? வழியில ஒரு மோரிப் பாலத்துக் கட்டை மேல ஒருத்தன் உக்காந்திருந்தான். வண்டிய நிறுத்தி, கரட்டுப்பாளையத்துக்கு எப்படிப் போறதுன்னு கேட்டேன். அவன் வழியச் சொல்லோணுமா இல்லையா? "எந்தக் கரட்டுப்பாளையமுங்க, ஆரூட்டுக்குங்க?"ன்னு என்னையத் திருப்பிக் கேக்கறான். ஆரூட்டுக்குப் போனா உனக்கென்னடா, தடத்தச் சொல்லுன்னேன். கைய நீட்டுனான். போனோம்.

போனா பந்தல் போட்டிருக்குது, பாட்டு போட்டிருக்குது. வாங்க வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. பந்தி போட்டாங்க, சாப்பிட்டோம். அப்பறம் எங்க பெரியப்பா எந்திரிச்சு, செரி, பொண்ணக் கூட்டியாங்கன்னாரு. உள்ள இருந்து தூக்கிட்டு வந்தாங்க பாருங்க, மொட்டையடிச்சுச் சந்தனம் பூசுன ஒரு கைக்கொழந்தைய. அது காதுகுத்துங்க. அது வேற கரட்டுப்பாளையம்.

நீங்களும் சிரிக்கறீங்க. சிரிங்க. இந்த ஊரே சிரிச்சுது. நாங்க நெஜமான ஊட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள பொழுது எறங்கிப் போச்சு, சேதி அதுக்கு முன்னாடியே வந்திருச்சு. எல்லாத்துக்கும் மேல சிரிச்சது ஆருன்னு கேளுங்க. எம்மச்சினன் நாச்சிமுத்து. எங்கூட்டுக்காரி துளசிமணிக்குத் தம்பி. அன்னைக்கு அவனுக்கு மீசை கூட மொளைக்கல, வவுத்தப் புடிச்சுட்டுச் சிரிச்சான். அன்னையில இருந்து எனக்கு இந்த ஊருல பேரு 'வழி மாறுன மாமா'. எம்பேரு சென்னியப்பன்னு இங்க எத்தன பேருக்குத் தெரியும்னு கேட்டுப் பாருங்க, ஒருத்தனுக்குந் தெரியாது.

கேட்டதுனாலதான கெட்டேன்? அதுல இருந்து எந்த மனுசங்கிட்டயும் வழி கேக்கறதில்லைன்னு வெச்சுட்டேன். துளசிமணி பின்னாடி உக்காருவா. அவ பொறந்த பக்கம், அவளுக்கு எல்லாத் தடமும் தெரியும். ஆனா அவளும் வாயத் தொறந்து சொல்லக் கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். பொம்பள வழி சொல்ல ஆம்பள வண்டி ஓட்டறானான்னு எவனாச்சும் கேட்டுப்போட்டா? அதனால அவ தட்டுவா. லெப்டுன்னா எடது தோள்ல ஒரு தட்டு. ரைட்டுன்னா வலது தோள்ல. நிறுத்தோணும்னா நடு முதுகுல ரெண்டு தட்டு. ஊருக்கு நானா ஓட்டிட்டுப் போற மாதிரி இருக்கும். இப்படியே இத்தன வருசம் ஓடிப்போச்சு, ஒரு தடம் தப்புனதில்ல. அதைய ஆரும் சொல்ல மாட்டாங்க. ஒரு நாளு தப்புனது மட்டும் எல்லாருக்கும் நெனப்பிருக்கும்.

டீயக் குடிங்க, ஆறுது.

அஞ்சாறு வருசத்துக்கு முன்னாடி நாச்சிமுத்து பையனுக்குக் காதுகுத்து வெச்சான். மொறையா வந்து கூப்பிட்டான், நானும் வந்தேன். மோதரம் போட்டேன், எல்லாஞ் செஞ்சேன். பந்தியில எலை போட்டுச் சோறு வெச்சாச்சு. அப்பப் பாத்து மைக்கக் கையில எடுத்தான் அவன். "எங்க மாமா மத்த விசேசத்துக்கு எப்படியோ, காதுகுத்துன்னா மட்டும் வழி தப்பாம வந்துருவாரு"ன்னான். மைக்குல, தம்பி. ஒலிபெருக்கி நாலு ஊருக்குக் கேக்குது. பந்தலே சிரிச்சுது.

நான் எலையில இருந்து எந்திரிச்சுட்டேன். சோத்துல கை வெச்சவன் எந்திரிச்சா அதுக்கு மேல என்ன இருக்குது? துளசிமணி அப்பத்தான் பொம்பளைங்க பந்தியில உக்காந்தா. வாடின்னேன். வந்துட்டா. நல்லவ, ஒரு வார்த்த எதுத்துப் பேசல. அன்னைக்கு அத்துப் போனது போக்குவரத்து. நானும் போகல, அவனும் வரல. அவளும் போகல. போகோணும்னு ஒரு நாளுங் கேட்டதில்லீங்க. கேட்டாத்தான அனுப்ப முடியும்?

செரி. இப்ப எம்பொண்ணு நவீனாவுக்குக் கண்ணாலம். பொண்ணு கண்ணாலம்னா மாமன் வேணுமுங்க. பட்டுச் சீலை கொண்டாந்து குடுக்கோணும், கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரோணும். மாமன் இல்லாத மணவறைய ஊரு எப்படிப் பாக்கும்னு உங்களுக்கே தெரியும். "மொதப் பத்திரிகை எந்தம்பிக்கு"ன்னா துளசிமணி. நான் வேண்டாங்கல. போறேன், ஆனா ஒருத்தங்கிட்ட வழி கேக்காமப் போவேன், உன்ற தோள்தட்டும் வேண்டாமுன்னேன். எவனாச்சும் கண்டுட்டு அதுக்கொரு பேரு வெச்சான்னா? இந்தத் தடவ எவனுஞ் சிரிக்கறதுக்கு எடங் குடுக்கப் போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.

அப்பத்தான் இந்த மிசினு வாங்கறதுன்னு கெளம்புனது. எம்பொண்ணு சொன்னா, "அப்பா, போன்லயே மேப்பு இருக்குது, எதுக்குத் தனியா?"ன்னு. போனு! வெய்யில்ல போன் பாத்திருக்கறீங்களா, மூஞ்சிதான் தெரியும், ரோடு தெரியாது. பாதி வழியில ஒறம்பரை கூப்பிடுவாங்க, படம் மறைஞ்சு போகும். புல்லட்டு ஆடற ஆட்டத்துல போன் கேமராவே கெட்டுப் போயிருச்சுன்னு பட்டறைக்கு வர்ற பையன் சொன்னான். மலையோரமாப் போனா டவர் இருக்காது. கை உறையோட தொட்டா அசையாது. இதுக்குன்னே செஞ்ச சாமான் ஒண்ணு இருக்கறப்ப எதுக்குங்க போனப் போட்டு வதைக்கறது?

கோயமுத்தூருக்கே போனனுங்க. வண்டிச் சாமான் விக்கற பெரிய கடை. மூணு எடுத்துப் போட்டான். ஒண்ணு காருக்கு வெக்கறது, அதைய எங்கிட்டத் தள்ளி உடப் பாத்தான். வெளிய எடுத்துட்டுப் போயி உச்சி வெய்யில்ல புடிச்சேன். ஒண்ணுந் தெரியல. கொண்டாந்து திருப்பி வெச்சேன். இன்னொண்ணு பாட்டுப் பாடும், சேதி படிக்கும், மழை வருமான்னு சொல்லும். எனக்கு வழி வேணும், வேற ஒண்ணும் வேண்டாம்னேன். மூணாவதுதான் இது. தொட்டுப் பாருங்க, பரவால்ல. மொத்தமான கை உறை போட்டுட்டுத் தொட்டாலும் கேக்கும். வெய்யில்ல பளிச்சுன்னு இருக்கும். வண்டி பேட்டரியிலயே ஓடும். மேப்பெல்லாம் உள்ளயே இருக்குது, டவரே வேண்டாம், ஆகாசத்துல இருக்கற சேட்டிலைட்ட நேராப் பாத்துக்கும்.

தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுங்களான்னு கேட்டேன். ஆகாதுன்னான். அவன் குடிக்க வெச்சிருந்த தண்ணியெடுத்து அது மேலயே ஊத்திப்போட்டேன். கடைக்காரன் பதறிப் போனான், மிசினு பதறல. அப்படி இருக்கோணும். நான் காயில் சுத்தறவனுங்க, சாமானப் பாக்காம வாங்குனதே கெடையாது.

கடைசியா ஒண்ணு கேட்டேன் அவனை. "தம்பி, இது என்னைய ஏதாச்சும் கேக்குமா?" அவனுக்குப் புரியல. "என்னங்க கேக்கும்?"ன்னான். "ஆரூட்டுக்குப் போறீங்க, நீங்க ஆரு, என்ன விசேசம், அப்படியெல்லாம்." "அதெல்லாம் ஒண்ணுங் கேக்காதுங்க"ன்னான். அப்பக் கட்டிக் குடுன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

ஹெல்மெட்டுக்குள்ள காதுகிட்ட ஒரு சின்ன ஒலிபெருக்கி ஒட்டிக் குடுத்தாங்க. ஒரு பொம்பள இங்கிலீசுல பேசுது. லெப்டு, ரைட்டு, அவ்வளவுதான், அதுக்கு எதுக்கு இங்கிலீசு தெரியோணும்? நானூறு மீட்டர் இருக்கறப்பவே சொல்லிருது. தப்பான தடத்துல போனாலும் ஏன்டா போனேன்னு திட்டறதில்ல, சிரிக்கறதில்ல. செரி, இப்ப இப்படிப் போன்னு வேற தடம் போட்டுக் குடுக்குது. மனுசன்ல அப்படி ஒருத்தனைக் காட்டுங்க பாக்கலாம்.

மாமனூட்டுக்குத்தான் மொதப் பத்திரிகைங்கறது மொறை. நான் இல்லைங்கல. ஆனா மிசினு புதுசு. பழகாமக் கொள்ளாம அவன் ஊருக்கே ஓட்டிட்டுப் போயி, அது எங்கயாச்சும் தெகைச்சு நின்னுட்டா? அதனால சாமிக்கு ஒரு பத்திரிகையக் கோயில்ல வெச்சுட்டு, பக்கத்துல நாலு ஒறம்பரை ஊட்டுக்கு மொதல்ல போனோம். துளசிமணி தட்டம், தேங்காய், பழம், வெத்தலபாக்கெல்லாம் பையில வெச்சு மடியில வெச்சுட்டு உக்காந்துட்டே வந்தா.

என்ன சொல்றது போங்க, அப்படியே வாசல்ல கொண்டுபோயி நிறுத்துச்சு. ஒருத்தங்கிட்ட வாயத் தொறக்கல நானு. முன்னெல்லாம் ஊரு எல்லையில கேட்டா, நாம போறதுக்குள்ள நம்ம சேதி போயிச் சேந்திரும். ஆரோ சைக்கிள எடுத்துட்டு ஓடுவான். வாசல் தெளிச்சு, சேர் போட்டு, ஊட்டுக்காரன் சட்டைய மாட்டிட்டு நிப்பான். இப்பப் போனா ஒருத்தன் பனியனோட பல்லு வெளக்கிட்டு நிக்கறான். ஒரு ஊட்டுல அந்தம்மா தலைக்கு எண்ணெ வெச்சுட்டு இருந்துச்சு, எங்களப் பாத்ததும் உள்ள ஓடிப் போச்சு. "ஒரு வார்த்த சொல்லியனுப்பக் கூடாதுங்களா"ன்னு எல்லா ஊட்டுலயும் இதே பேச்சு. எனக்கு அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. வர்றது தெரியாம வந்து நிக்கறது ஒரு கெத்துங்க.

துளசிமணிதான் ஒருக்கா, "உங்ககூட நான் பேசறதே உங்களுக்குக் கேக்கறதில்லீங்க"ன்னா. எப்படிக் கேக்கும், காதுல மிசினு பேசிட்டிருக்கறப்ப?

அப்பறம் இங்க வர்றதுக்கு நாள் பாத்தோம். மிசின்ல கரட்டுப்பாளையம்னு போட்டேன். தம்பி, அந்த ரெண்டு கரட்டுப்பாளையமும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வந்து நின்னுச்சு. அன்னைக்கு என்னைய ஏமாத்துன அதே ரெண்டு ஊரு. நின்னு பாத்தேன், செரியானதத் தொட்டேன். அவனூட்டுக் கெணறும் தென்னந்தோப்பும் மேலருந்து தெரியுது, அதுமேலயே குறி வெச்சேன். இருக்கறதுலயே சுருக்கான தடம் போடுன்னு அமுக்குனேன். பூஜையெல்லாம் போட்டுக் கெளம்புனோம்.

இந்த ரோட்டுப் பிரிவு வர்றதுக்கு முன்னாடி, அதோ, வாய்க்கா பாலம் தெரியுதுங்களா, அங்க லெப்டுல திரும்பச் சொல்லுச்சு மிசினு. வாய்க்கா மேட்டுல வண்டித்தடம். துளசிமணி வலது தோள்ல தட்டறா. வேண்டாம்னு சொல்லியும் தட்டறா. மிசினு லெப்டுங்குது, இவ ரைட்டுங்கறா. அப்பறம் நடு முதுகுல ரெண்டு தட்டு. மறுக்கா ரெண்டு. நிறுத்துங்கறா. தண்ணி வேணுமாட்ட இருக்குது, போயிக் குடிச்சுக்கலாமுன்னு நான் நிறுத்தல. சாமானு சொல்றதக் கேட்டுப் போனாத்தான அது செரியா தப்பான்னு தெரியும்?

கெடைக்காதுங்க அப்படி ஒரு தடம். நெழலு, காத்து, குறுக்க ஒரு ஆடு கூட இல்ல. தோப்புக்குள்ள பூந்து நேரா அவனூட்டுப் பொடக்காளியில கொண்டாந்து நிறுத்திப் போடுச்சு. வந்து சேந்தாச்சுன்னு காதுல சொல்லுது. பின்வாசப் பக்கந்தான், கட்டுத்தறியில மாடு நிக்குது. முன்வாசல்னா என்ன பின்வாசல்னா என்ன, அதே ஊடுதான? வண்டிய நிறுத்தி நெஞ்ச நிமித்திட்டு நின்னனுங்க. இத்தன வருசத்துல ஒருத்தங்கிட்டயும் கேக்காம, ஒருத்தி தட்டாம, நானா வந்து சேந்தேன். அந்த நிமிசத்த எங்கிட்ட இருந்து எவனும் புடுங்க முடியாது.

சுத்தி முன்னாடி போனா ஊடு பூட்டியிருக்குது.

அப்பத்தான் துளசிமணி சொல்றா. "எந்தம்பி பிரிவுல நிப்பானுங்க. இன்னைக்கு வர்றோம்னு நான் போன்ல சொல்லிப்போட்டேன். அவனும் பொஞ்சாதியும் காலையில இருந்து டீக்கடைகிட்ட நிக்கறாங்க. அங்க எறங்கி அவம்பேரச் சொல்லி ஆரையாச்சும் கேட்டுப்போட்டு, எல்லாருமா ஒண்ணா நடந்து ஊட்டுக்கு வரலாமுன்னு இருந்தான். வாங்க, திரும்பிப் போலாம்."

நீங்களே சொல்லுங்க தம்பி. பிரிவுல எதுக்கு நிக்கறான் அவன்? ஊரையெல்லாம் கூட்டி வெச்சுட்டு நிக்கறான். எதுக்கு? 'வழி மாறுன மாமா' எப்படி வந்து முழிக்கறாருன்னு பாக்கறதுக்கு. நான் வண்டிய நிறுத்தி, "நாச்சிமுத்து ஊடு எதுங்க"ன்னு கேக்கோணும், மறுக்கா எல்லாருஞ் சிரிக்கோணும். அதுதான திட்டம்? எனக்குத் தெரியாதா அவனை?

நான் போக மாட்டேன்னுட்டேன். ஊட்டுக்கு வந்தாச்சு. ஊடு இங்க இருக்குது, ரோட்டுல நிக்கறவனுக்கு எதுக்குப் பத்திரிகை? கதவு நாதாங்கியில பத்திரிகையச் சொருகிக் குங்குமம் வெச்சேன். வெத்தலபாக்கப் படியில வெச்சேன். துளசிமணி அந்தப் படியில சித்த நேரம் உக்காந்திருந்தா. அவ பொறந்த ஊடுதான, கால் வலிக்குதாட்ட இருக்குதுன்னு நானும் அவசரப்படுத்தல. அப்பறம் வந்த தடத்துலயே திரும்பிட்டோம்.

திரும்பற வழியில ஒரு தட்டு இல்லீங்க. பாலத்துல கூட, ரோடு ஏர்றப்பக் கூட இல்ல. இத்தன வருசத்துல மொத மொறையா முதுகு சும்மா வந்துச்சு. அப்ப நிம்மதின்னுதான் நெனச்சேன்.

மறுநாளு நாச்சிமுத்து போன் பண்ணுனான். எனக்கில்ல, அவங்க அக்காவுக்கு. பொழுது எறங்கற முட்டும் நின்னானாமா. மாலை வாங்கி வெச்சிருந்தானாமா எனக்கு. மாலையாமா மாலை. அத நம்பச் சொல்றீங்களா? அவன் சொன்னது இதுதான்: "ஊட்டு நாதாங்கியில ஒரு பத்திரிகை சொருகியிருந்துச்சு அக்கா. ஆரு வெச்சதுன்னு இந்த ஊருல ஒருத்தருக்குந் தெரியல. ஒருத்தருங் கண்ணுல பாக்கல. திருடனும் அந்தப் பொடக்காளி வழியாத்தான் வருவான். மாமா பிரிவுல எறங்கி, எம்பேரச் சொல்லி, ஒரே ஒருத்தங்கிட்ட கேட்டுட்டு வரட்டும். நானே எதுத்துப் போயி அழைச்சுட்டு வர்றேன். இல்லீன்னா நான் மணவறைக்கு வரல."

பாத்தீங்களா? கேக்கோணுமாமா! எனக்கு வழி தெரியும். ஊட்டுக் கெணத்துல குறி வெச்சு வந்தவன் நானு. தெரிஞ்ச வழிய எதுக்குக் கேக்கோணும்? துளசிமணிகிட்டயும் இதையேதான் சொன்னேன். அவ அழுகல, கோவிச்சுக்கல. "நீங்க வந்தது எங்கூருல ஒருத்தருக்குந் தெரியாது, அது உங்களுக்குச் சந்தோசமா இருக்குது. எந்தம்பிய அஞ்சு வருசமா ஊரு கேக்குது, 'உங்கக்கா வருமா, மாமா வருவாரா'ன்னு. அவுங்க பாக்கறாப்பல ஒரு நாளு நீங்க வந்து அவம்பேரச் சொல்லிக் கேட்டா அவனுக்கு அது போதும். அதுக்கு மேல ஒரு பவுன் மோதரம் கூட அவனுக்கு வேண்டாம்"னா. இத்தன நீளமா அவ பேசி நான் கேட்டதே இல்லீங்க. அன்னைக்குக் காதுல மிசினு இல்ல, அதனால கேட்டுது.

இன்னைக்குக் காலையில எந்திரிச்சுப் பாத்தா ஊட்டுல ஆளக் காணம். மொத பஸ்ஸுல ஏறி வந்துட்டாளாமா, நவீனா சொன்னா. எனக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கறா. "உங்கப்பன் வந்தா வரட்டும். வராட்டியும் நான் மண்டபத்துக்கு எந்தம்பியோட வந்துக்கறேன். எனக்கு எந்த மிசினும் வேண்டாம், அது என்ற ஊரு." எம்பொண்ணு என்னைய ஒரு பார்வை பாத்தா. "மாமா இல்லாம நான் மணவறை ஏற மாட்டேம்ப்பா"ன்னு மட்டும் சொன்னா. புல்லட்ட எடுத்துட்டு வந்துட்டேன். பாலத்துல மிசினு லெப்டுன்னுச்சு. நான் லெப்டுல திரும்பாம ரைட்டுல ரோட்டோடயே இங்க வந்துட்டேன். அதுலயிருந்து யூ டர்ன் போடு, யூ டர்ன் போடுன்னு அது கத்திட்டே இருக்குது. நானும் டீ மேல டீயாக் குடிச்சுட்டே இருக்கறேன்.

பயமெல்லாம் இல்லீங்க. வாயில இருந்து வர மாட்டேங்குது, அவ்வளவுதான். பழக்கமில்ல. பழக்கமில்லாத சோலி எல்லாருக்கும் அப்படித்தான்.

நீங்க எங்க போகோணும்னு சொன்னீங்க? அரிசி மில்லா? இந்த ஊருக்குள்ளதான் இருக்குமாட்ட இருக்குது. எனக்குத் தெரியாதுங்க. நெசமாத் தெரியாது. நீங்க பஸ்ஸ உட்டு எறங்குன ஒடனே, வெக்கப்படாம, முன்னப்பின்னத் தெரியாத எங்கிட்ட வந்து கேட்டீங்க. நாக்கு ஒண்ணும் அறுந்து போகல உங்களுக்கு. நல்லாத்தான இருக்கறீங்க?

இருங்க.

ஏனுங்க மாஸ்டர். மாஸ்டர், உங்களைத்தானுங்க. நாச்சிமுத்து ஊட்டுக்கு எப்படிங்க போறது?

கேட்டுட்டேன். கேட்டீங்கல்ல தம்பி, நீங்க சாட்சி. எனக்கு வழி தெரியாமக் கேக்கல, அதையும் நெனப்புல வெச்சுக்குங்க.

என்னது? நான் ஆருங்கறீங்களா? பாத்தீங்களா தம்பி, திருப்பிக் கேக்கறாரு! அதே கேள்வி! செரி, கேளுங்க, சொல்றேன், இன்னைக்கு எல்லாத்தையும் சொல்லிப்போடறேன். நான் சென்னியப்பன். துளசிமணி ஊட்டுக்காரன். நாச்சிமுத்துக்கு மாமன். எம்பொண்ணு நவீனாவுக்குக் கண்ணாலம், எம்மச்சினனுக்குப் பத்திரிகை வெக்க வந்திருக்கறேன். போதுமா? அந்தப் பேப்பர் படிக்கறவருக்கும் கேட்டுச்சுங்களா?

ஏன் எல்லாரும் எந்திரிக்கறீங்க?

என்ன சொல்றீங்க மாஸ்டர்? ஆரு? துளசிமணியா? காலையில பஸ்ஸுல வந்து எறங்குனதும் நேரா இங்க வந்து, "பொட்டி வெச்ச புல்லட்டுல ஒருத்தரு வருவாரு, அவரா வாயத் தொறந்து கேக்கற முட்டும் ஆரும் வழி சொல்லிப்போடாதீங்க, டீ மட்டும் கேட்டாக் குடுங்க"ன்னு சொல்லிட்டுப் போச்சா? அப்ப நான் குடிச்ச இத்தன டீயும் தெரிஞ்சேதான் ஆத்திக் குடுத்தீங்களா? அதுக்குத்தான் சிரிச்சீங்களா?

அவ எங்க உக்காந்திருக்கறா? நடந்துதான் போனாளா? அழுதாளா? அழுகல, சிரிச்சுட்டே போச்சா? செரி. சிரிக்கட்டும். அவ சிரிச்சுப் பாத்து ரொம்ப வருசமாச்சு.

நான் வருவேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க தம்பி. எனக்கே பாலம் தாண்டற வரைக்கும் தெரியாது.

செரி, கேளுங்க. சென்னியப்பன் ஒரு வேலையத் தொட்டா அரைகொறையா உடமாட்டான். ஒருத்தங்கிட்டக் கேக்கச் சொன்னான்ல எம்மச்சினன்? அதோ தையக்கடை, அங்கயும் கேப்பேன். உரக்கடையில கேப்பேன். பால் சொசைட்டியில வண்டிய நிறுத்தி, ஆரன் அடிச்சுக் கூப்பிட்டுக் கேப்பேன். நாச்சிமுத்து ஊடு எது, நாச்சிமுத்து ஊடு எதுன்னு, அவன் ஊட்டு வாசல்ல நின்னுட்டும் ஒருக்கா கேப்பேன். இந்த ஊருல ஒரு கடைய உடப் போறதில்ல. சிரிக்கறவன் சிரிக்கட்டும், எம்பொண்ணு மணவறையில மாமன் நிக்கோணும்.

நீங்களும் வாங்க தம்பி. மில்லு எங்கன்னும் சேத்துக் கேட்டுரலாம். பின்னாடி உக்காருங்க. இந்தக் காதுல பேசறதப் புடுங்கிப்போட்டேன், இனி அது எவனையாச்சும் திரும்பச் சொல்லிட்டுக் கெடக்கட்டும். நீங்க வாயில சொல்ல வேண்டாம், எனக்கு அது பழக்கமில்ல. லெப்டுன்னா எடது தோள்ல ஒரு தட்டு. ரைட்டுன்னா வலது தோள்ல. வழியில சேலை கட்டுன ஒருத்தி நடந்து வர்றதப் பாத்தீங்கன்னா, நடு முதுகுல ரெண்டு தட்டுத் தட்டுங்க. இந்தத் தடவ நிறுத்திருவேனுங்க.